சேமி பொத்தானை நான் எடுத்த கதை

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் சொந்தக்காரர்கள் யாருக்கும் கடைசிவரை புரியவில்லை. "டேட்டா பைண்டிங்" என்று ஒருமுறை பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதற்கடுத்த ஜூன் மாதம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து என் நாத்தனார், தன் பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "அட்டை பிரிஞ்சு போயிருக்கு மன்னி, உங்க ஆபீஸ்ல பைண்ட் பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றாள். நானும் மறுக்கவில்லை. ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். நான் செய்த பைண்டிங்கில் பிறகு யாருக்கும் தொல்லை கொடுக்காதது அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்று ஒரு வருடமாகப் படப்பை வீட்டில் இருக்கிறேன். போன வாரம் பழைய டிபார்ட்மெண்டிலிருந்து ஃபோன். நான் எழுதிவைத்த டெஸ்க்டாப் படிவங்களையெல்லாம் டேப்லெட்டுக்கு மாற்றுகிறார்களாம். "மேடம், உங்க கோட்ல ஒரு எடத்துல 'எட்டியப்பனுக்காக, எடுக்காதே'ன்னு குறிப்பு இருக்கு. யார் மேடம் எட்டியப்பன்? வெண்டரா?" என்று கேட்டாள் இப்போது அங்கே இருக்கும் சுபாஷிணி. சொல்ல ஆரம்பித்து, வெட்கமாகிப்போய்ப் பாதியில் நிறுத்தி, "எழுதி அனுப்பறேம்மா" என்றேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கணிதத்தில் பட்டம். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம். அப்புறம் ஒரகடத்தில் பிரேக் ஹோஸ் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். பிரேக் ஹோஸ் என்பது வண்டியில் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். அது ஒழுகினால் பிரேக் பிடிக்காது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழிக்காமல் வெளியே எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் சிஸ்டம்ஸ் டிபார்ட்மெண்டுக்கு மாற்றினார்கள். அங்கே நானாகவே ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தடுக்க ஆளில்லை என்பதுதான் உண்மை.

நான் ஆரம்பித்த நாளில் ஒரு படிவம் எழுதுவது முதுகொடிக்கும் வேலை. ஸ்க்ரீனில் இருபது பெட்டி இருந்தால், ஒவ்வொன்றிலும் ஆள் தட்டியதை எடுத்து உள்ளே தகவலில் வைக்க ஒரு வரி, உள்ளே இருப்பதை எடுத்துப் பெட்டியில் காட்ட இன்னொரு வரி எழுத வேண்டும். ஒன்றை மறந்தாலும் நீளம் இருக்க வேண்டிய இடத்தில் எடை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பைண்டிங் வந்தது. இந்தப் பெட்டி இந்தத் தகவலோடு கட்டப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அதோடு சரி. பெட்டியில் மாற்றினால் தகவல் தானாக மாறும், தகவல் மாறினால் பெட்டி தானாக மாறும். நான் மயங்கிப்போனேன். கண்ணில் பட்டதையெல்லாம் எதனோடாவது கட்டினேன். எனக்குப் பின்னால் 'பைண்டிங் மாமி' என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளூரச் சந்தோஷம்தான்.

முதல் அடி டெஸ்பாட்ச் படிவத்தில் விழுந்தது. அதில் இரண்டு டிராப் டவுன், அதாவது தொட்டால் பட்டியல் விரியும் பெட்டி. ரப்பர் யாரிடமிருந்து வந்தது என்று ஒன்று, சரக்கு யாருக்குப் போகிறது என்று ஒன்று. இரண்டுக்கும் ஒரே கம்பெனிப் பட்டியலைக் கட்டினேன். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துத் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்று தெரியாது. அதனால் ஒன்றில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றும் சத்தமில்லாமல் அதே பெயருக்கு மாறியது. காலை ஷிஃப்டில் அச்சான சீட்டுகளிலெல்லாம் எங்களுக்கு ரப்பர் கொடுத்தவர்களுக்கே எங்கள் சரக்கு போவதாக இருந்தது. டெஸ்பாட்சில் ஒருவரும் கவனிக்கவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி கவனித்தார். எனக்கு ஃபோன் போட்டு, "மேடம், வண்டி இன்னாத்துக்கு ரப்பர் கம்பெனிக்குப் போவுது? சண்ட போட்டுக்கினு திருப்பி அனுப்புறோமா?" என்று கேட்டார்.

எங்கள் மேனேஜர் கோதண்டம் சார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிழை இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில வட்டங்களோடு நான் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

டெஸ்பாட்ச் கூத்துக்கு மறுநாள் அவர் ஒரு தாள் கொடுத்தார். இனிமேல் எந்தப் படிவம் வெளியே போவதானாலும் முதலில் அந்தத் தாளில் மூன்று கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கட்டம், எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது, வேலை நடக்கும் இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவதற்குத் தலைப்பு 'நேரில் பார்த்தேன்'. படிவத்தைப் பயன்படுத்துகிறவரின் பின்னால் ஒரு முழு ஷிஃப்ட் நிற்க வேண்டும். பேசக்கூடாது, சொல்லிக்கொடுக்கக்கூடாது.

"கையைப் பின்னால கட்டிக்கோ வேதா" என்றார். "இல்லேன்னா நீ மவுஸைப் பிடுங்கிடுவே."

ஒரு வருடம் ஒழுங்காக நின்றேன். நான் கண்ணும் கருத்துமாக வரைந்த படிவத்தின் மேல் பாதியை மறைத்து, உட்கார்ந்திருப்பவர் சரக்குச் சீட்டை ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்ப்பதையெல்லாம் வாயைத் திறக்காமல் பார்த்தேன். அப்புறம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்‌ஷன் படிவம் எழுதினேன். ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரு தடவையில் செய்த குழாய்களின் தொகுதியை, சோதித்துவிட்டு மேலே ஒரு டிராப் டவுனில் முடிவைப் போட வேண்டும். ரிஜெக்ட், ஹோல்டு, ஓகே என்ற அந்த வரிசையில் மூன்று சொல். அப்படியே கீழே வந்து அளவுகளையும் குறிப்பையும் போட வேண்டும். இந்தப் படிவத்தில் நான் ஒரு புதுமை செய்தேன். சேமி பொத்தானையே எடுத்துவிட்டேன். எல்லாம் கட்டப்பட்டிருக்கும்போது எதற்குப் பொத்தான்? மாற்றிய நொடியில் பதிவாகிவிடும்படி செய்தேன். கேன்டீனில் இன்ஸ்பெக்டர்களைக் கூட்டி வைத்து இதை விளக்கியபோது, கைதட்டுவார்களோ என்று ஒரு நிமிடம் இடைவெளிகூட விட்டேன்.

எட்டியப்பன் கை தூக்கினார். வல்லம் வடகால் பக்கத்து ஆள், நாற்பதைத் தாண்டியவர். ஹோஸின் முனையில் இரும்பு மூடி கவ்வியிருக்கும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவார்.

"மேடம், சேவ் பட்டன் எங்க கீது?"

"தேவையில்ல எட்டியப்பன். நீங்க போட்டவுடனே அதுவே பதிஞ்சிடும்."

"இல்ல மேடம், ஒண்ண அமுத்துனா முடிஞ்சிதுன்னு மனசுக்குத் தெரியும்."

"பழகிடும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கோதண்டம் சாரின் தாளில் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மேஜையில் இருந்த பெரிய மானிட்டரில் படிவம் முழுதும் ஒரே பக்கத்தில் அழகாகத் தெரிந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும், ஏசி அறையில் உட்கார்ந்தபடியே, ஒரே பேனாவில் அடுத்தடுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் ஷெட் மைதானத்துக்கு அந்தப் பக்கம். மே மாதம். வெயிலைக் காரணமாகச் சொல்லலாம். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் வரவில்லை. ஐந்தாவது மாதம், நாங்கள் அனுப்பிய ஒரு லாட்டை வாங்கிய கம்பெனியிலிருந்து மொத்தமாகத் திருப்பினார்கள். வண்டியில் பொருத்துவதற்கு முன்னால் அவர்கள் செய்த சோதனையில் குழாய் முனைகள் ஒழுகின. எங்கள் ரெக்கார்டில் அந்த லாட் ஓகே. போட்டவர் எட்டியப்பன்.

பர்சனல் ஆபீசர் முன்னால் விசாரணை நடந்தது. எட்டியப்பனுக்குத் துணையாக யூனியனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தொழில்நுட்பச் சாட்சி நான். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற விவரம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று குறிப்பையெல்லாம் விட்டு முடிவை மட்டும் சுருக்கி, இரண்டு வரியாக டைப் செய்து கொண்டுபோனேன். முதலில் ரிஜெக்ட். பிறகு ஓகே. இரண்டும் எட்டியப்பனின் பெயரில். ரிஜெக்ட் என்று போட்டவர் ஏன் ஓகேவாக மாற்றினார், யார் சொல்லி மாற்றினார் என்பதுதான் பர்சனல் ஆபீசரின் கேள்வி.

எட்டியப்பன் எழுந்து நின்றார். "சார், நான் ரிஜெக்ட்டுதான் போட்டேன். மாத்தல. மேல போட்டுட்டு கீழ வர்றதுக்குள்ள அதுவா மாறிக்கினு கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்புதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அதுவா எதுவும் மாறாது சார்" என்றேன். "நாம என்ன போடறோமோ அதைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எட்டியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே சஸ்பென்ட் செய்துவிட்டார்கள்.

கோதண்டம் சார் அப்போது மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். ஒரு வாரம் கழித்து வந்ததும், ஃபைலில் அவர் கையெழுத்து வேண்டும் என்பதற்காக, என் இரண்டு வரியை அவரிடம் கொடுத்தேன். படித்தார். "இது நீ எழுதினது. மெஷின் எழுதினது எங்க?" என்றார். முழுப் பிரிண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அது என் மேஜைக்கு ஒரு வட்டத்தோடு திரும்பி வந்தது.

ரிஜெக்ட்டுக்கும் ஓகேவுக்கும் நடுவில் இன்னொரு வரி இருந்தது. ஹோல்டு. அதைத்தான் நான் சுருக்குவதற்காக எடுத்திருந்தேன். எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"தடுமாறியிருப்பார் சார். ரிஜெக்ட் போட்டு, யோசிச்சு, ஹோல்டு போட்டு, அப்புறம் ஓகே..."

"மணி பாரு."

பார்த்தேன். மூன்று வரியிலும் ஒரே மணி, ஒரே நிமிடம், ஒரே செகண்டு.

"ஒரு செகண்டுக்குள்ள தடுமாறி, யோசிச்சு, ரெண்டு தடவை மனசு மாறிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு டிராயரிலிருந்து அந்த மூன்று கட்டத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து. "நீ அங்க நின்னப்போ எப்படி இருந்தது வேதா?"

நான் தாளைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினேன். "நாளைக்குப் போய் நில்லு" என்றார்.

மறுநாள் காலை முதல் ஷிஃப்ட். எட்டியப்பனின் இடத்தில் தற்காலிகமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் கண்ணில் பட்டது மானிட்டர். பழையது, சின்னது. என் படிவத்தின் கீழ்ப்பாதி அதில் தெரியவே இல்லை. குறிப்பு எழுத வேண்டுமானால் உருட்டிக்கொண்டு கீழே போக வேண்டும். லாட் லாட்டாக வந்தது. எல்லாம் ஓகே. ஒன்றும் மாறவில்லை. மதியம் வரை நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். என் பக்கம்தான் நியாயம் என்று திரும்பவும் ஒரு நம்பிக்கை துளிர்க்க ஆரம்பித்திருந்தது.

இரண்டரை மணிவாக்கில் ஒரு லாட்டில் அவள் கை நின்றது. ஹோஸை வெளிச்சத்தில் திருப்பினாள். டிராப் டவுனில் ரிஜெக்ட் போட்டாள். இடது கையில் ஹோஸ், கண் விரிசல் மேல். கீழே போவதற்காக வலது கை விரலால் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். படிவம் நகரவில்லை. டிராப் டவுனில் இருந்த சொல் நகர்ந்தது. ரிஜெக்ட், ஹோல்டு, ஓகே. கண்ணிமைக்கும் நேரம். படிவம் நகராததைப் பார்த்து அவள் பக்கவாட்டுப் பட்டையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தாள். மேலே இருந்த ஓகே ஸ்க்ரீனிலிருந்து மறைந்தது. குறிப்பில் 'முனையில் விரிசல்' என்று ஒழுங்காக டைப் செய்தாள்.

"ஏம்மா, இப்ப இன்னா பண்ணே?" என்றேன். பதற்றத்தில் எனக்கே அந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அவள் பயந்துபோய், "ஒண்ணும் பண்ணலியே மேடம்" என்றாள்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. டிராப் டவுனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகும், வேறு இடத்தைத் தொடும்வரை கம்ப்யூட்டரின் கவனம் அதன் மேலேயே இருக்கும். சக்கரத்தை உருட்டினால் அது பட்டியலைத்தான் நகர்த்தும். ஓகே பட்டியலின் கடைசியில் இருந்ததால், ஓகே போட்ட லாட்டுக்குப் போக வேறு இடமில்லை, மாறாது. ரிஜெக்ட்டும் ஹோல்டும்தான் சறுக்கிப்போய் ஓகேவில் நிற்கும். மாறிய நொடியில் பதிவும் ஆகிவிடும், அது என் புதுமை. நான்கு மாதம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? அங்கிருந்த பழைய மவுஸின் சக்கரம் எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிச் சுற்றாமல் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் புது மவுஸ் கொடுத்திருந்தார்கள். கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

அந்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு லாட் இப்படி மாறியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். நல்லவேளையாக இரண்டும் குடோனிலேயே இருந்தன. அவையும் வெளியே போயிருந்தால்? பிரேக் குழாய்.

எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பர்சனல் ஆபீசர் நல்ல மனிதர், எனக்கு உதவ நினைத்தார். "தொழில்நுட்பக் காரணங்களால்னு போடுங்க மேடம், போதும்" என்றார். நானும் சந்தோஷமாக, 'தொழில்நுட்பக் காரணங்களால் தவறு நேர்ந்துள்ளது' என்று எழுதி கோதண்டம் சாரிடம் கொடுத்தேன். 'நேர்ந்துள்ளது' மேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அந்த வட்டத்துக்கு எனக்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை. 'படிவத்தைத் தவறாக எழுதியது நான். நேரில் பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்திட்டதும் நான். விசாரணையில் ஒரு வரியை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னதும் நான்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அவ்வளவுதான்.

சக்கரம் டிராப் டவுனைத் தொடாதபடி அன்றைக்கே ஒரு வரி எழுதினேன். சுபாஷிணி கேட்ட குறிப்பு அதற்கு மேலேதான் இருக்கிறது. சேமி பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். என்னுடைய மற்ற படிவங்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஷிஃப்ட் நின்றேன். அதில் நான்கில் இதே வியாதி இருந்தது.

எட்டியப்பன் பதினோரு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். அன்று என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்துவைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரி மேடம். நீங்க அன்னிக்கி சொன்னீங்க இல்ல, கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு? அத அப்டியே வூட்ல போய் சொல்லிட்டேன். அவ அதையே புடிச்சிக்கினா. கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னா நீதான் சொல்றன்றா. இப்ப கம்பெனியில கூப்ட்டுக்கினாங்கன்னு சொன்னா, யாரு கால்ல வுழுந்தன்னு கேக்கறா. நீங்க ஒரு தபா வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கைப்பையில் ஒரு மவுஸ், தோளில் ஆபீஸ் லேப்டாப். எட்டியப்பனின் மனைவி அஞ்சலை வாசலில் நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். அவள் தரையில் உட்கார்ந்துகொள்ள, எட்டியப்பன் சுவரோரம் நின்றார். நான் லேப்டாப்பைத் திறந்து, பைண்டிங் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து, மவுஸின் சக்கரத்தை உருட்டியும் காட்டினேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உருட்டுனா மாறும். அதான?"

"ஆமா."

"இவரு கீழ போறதுக்கு உருட்னாரு. மாறிச்சி. மாறும்னு இவருக்குத் தெரியாது."

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

"தெரியாமயே, நல்லா பாத்தேன்னு கையெழுத்து போட்டீங்களா?"

எட்டியப்பன், "ஏய்" என்றார். நான், "ஆமா, போட்டேன்" என்றேன்.

அஞ்சலை லேப்டாப்பிலிருந்து என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

"அப்ப உங்கள எத்தினி நாளு வூட்ல உக்கார வெச்சாங்கோ மேடம்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்ததா, ஒரு எச்சரிக்கை வந்ததா என்று என் மனசே தேடிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. படிவத்தைச் சரிசெய்ததற்காக மேலதிகாரிகள் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள் என்பதைத்தான் நினைவு கொண்டுவந்து கொடுத்தது.

"ஒரு நாளும் இல்லம்மா" என்றேன்.

"ம்" என்றாள். டம்ளரை எடுத்துப் பார்த்து, "ஆறிப்போச்சி, வேற தரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது டீயையும் குடித்தேன்.

எட்டியப்பன் என்னோடு ரோடு வரைக்கும் வந்தார். லேப்டாப் பையை அவரே தூக்கிக்கொண்டார்.

"அவ அப்டித்தான் பட்டுனு கேட்டுடுவா மேடம். மனசுல வெச்சிக்காதீங்க."

"இல்ல எட்டியப்பன். அவங்க கேட்டது நியாயமான கேள்விதான்" என்றேன். சொல்லும்போதே, அவர் மறுப்பார், அதெல்லாம் ஒன்றும் இல்லை மேடம் என்பார் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அதற்காகவே சொன்னேனோ என்னவோ.

அவர் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமா மேடம்" என்றார். "நியாயம்தான்."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பையை என் மடியில் வைத்துவிட்டு, டிரைவரிடம், "மேடத்த ஒரகடத்துல படப்ப பஸ் நிக்கற எடமா பாத்து எறக்கு" என்று சொல்லி அனுப்பினார்.